ஆறு பவுணும் ஒரு தொலைபேசியும்

வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளைப் பற்றியும் பொருளைப் பற்றியுமே எழுதுவர். எந்தப் பொறி எந்த ஆண்டிலே தோன்றியது, எந்த வணிகர் எவ்வளவு செல்வம் ஈட்டினார் என்பன நூல்களில் விரிவாகக் காணக்கிடைக்கின்றன. ஆனால், தொழிலகத்தின் வாயில் எவருக்குத் திறந்திருந்தது, எவருக்கு அடைத்திருந்தது, அடைத்த கதவை யார் திறந்தார் என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவோர் பல ஏடுகளைப் புரட்டவேண்டியிருக்கும். அவ்வாறு புரட்டுவோர் காணத்தக்க ஒரு வரலாறு 1962ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஒரு சிறிய வீட்டின் உணவு மேசையிலே தொடங்கியது.

தொழிலிடத்தில் ஆணும் பெண்ணும் ஒப்ப நடத்தப்பட வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் மிகச் சிலரே. அதனை நிறைவேற்றுவது யார் கடமை என்று வினவினால், அரசாங்கம் சட்டம் இயற்றவேண்டும் என்பர் சிலர். தொழிலாளர் ஒன்றுபட்டுப் போராடிப் பெறவேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. எனினும், மூன்றாவது தரப்பார் உளர். வேலையை வகுப்பவரும், அதற்கு ஆளைத் தெரிபவரும், வேதனத்தை நிர்ணயிப்பவருமாகிய முதலாளிமாரும் முகாமையாளருமே அவர்கள். சட்டம் சொல்லாததையும் போராட்டம் கேட்காததையும் செய்யும் வாய்ப்பு அவர்கள் கையில் இருக்கின்றது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினால் எவ்வளவு செய்யலாம், அதன் எல்லை எங்கே முடிகின்றது என்னும் இரண்டையும் ஸ்டெபனி ஷேர்லி என்னும் அம்மையாரின் வாழ்க்கை தெளிவுறக் காட்டுகின்றது.

அவர் தொழில் தொடங்கிய காலத்து இங்கிலாந்தின் நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். பெண்கள் வாக்குரிமை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. பல்கலைக்கழகங்களிலே அவர்கள் பட்டம் பெற்றுக்கொண்டிருந்தனர். ஆயினும், படித்த பெண்ணின் உத்தியோக வாழ்க்கை திருமணத்தோடு முடிந்துவிடும் என்னும் எண்ணம் நாட்டில் வேரூன்றியிருந்தது. அரசாங்க சேவையில் மணமான பெண் பதவி விலகவேண்டும் என்ற விதி 1946ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேவையில் அதே விதி 1973 வரை நிலைத்திருந்தது. அரசாங்க உத்தியோகத்தில் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளமும் பெண்ணுக்குக் குறைந்த சம்பளமும் வழங்கும் வழக்கம் 1955 தொடங்கி 1961 வரை படிப்படியாகவே ஒழிக்கப்பட்டது. இலண்டன் பங்குச் சந்தையின் உறுப்பினராகப் பெண்கள் முதன்முதலில் அனுமதிக்கப்பட்டது 1973இல்; இலண்டன் மாநகரப் போக்குவரத்துச் சேவையின் பஸ்ஸை முதன்முதலில் ஒரு பெண் ஓட்டியது 1974இல். இந்த ஆண்டுகளை மனத்திற் கொண்டு பார்த்தால், 1962இலே ஒரு பெண் தனியே ஒரு கம்பனியைத் தொடங்கியது எத்துணைத் துணிவான செயல் என்பது புலனாகும்.

ஸ்டெபனி ஷேர்லி 1933ஆம் ஆண்டு ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரிலே பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வேரா புக்தால். தந்தையார் யூத வகுப்பைச் சேர்ந்த ஒரு நீதிபதி. நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் அவர் பதவியை இழந்தார். குடும்பம் வியன்னாவில் தஞ்சம் புகுந்தது. அங்கும் ஆபத்து நெருங்கியது. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஐந்து வயதுச் சிறுமி வேராவும் ஒன்பது வயதான அவருடைய தமக்கையும் பெற்றோரைப் பிரிந்து, குழந்தைகளை ஏற்றிச்சென்ற ஒரு புகைவண்டியில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். போர் மூளுமுன் இவ்வாறு ஏறத்தாழ 10,000 குழந்தைகள் நாசிகளின் பிடியிலிருந்து மீட்கப்பட்டனர் என்பது வரலாறு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாழ்ந்த, பிள்ளைகளில்லாத ஒரு தம்பதியர் அவ்விரு சிறுமியரையும் ஏற்று வளர்த்தனர். தம் உயிர் காப்பாற்றப்பட்டது, ஆகவே காப்பாற்றத் தகுந்ததாக அவ்வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அம்மையாரை வாழ்நாள் முழுவதும் செலுத்திற்று. அதனை அவரே பலமுறை கூறியிருக்கின்றார்.

பாடசாலையிலே அவருக்குக் கணிதத்தில் மிகுந்த நாட்டம் உண்டாயிற்று. ஆனால், அவர் பயின்ற பெண்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதம் கற்பிக்கப்படவில்லை. எனவே, அப்பாடத்துக்கு மட்டும் அயலிலிருந்த ஆண்கள் பாடசாலைக்குச் சென்று படிக்க அவருக்கு அனுமதி அளிக்கப்பட்டது. பெண்களுக்குக் கணிதம் வராது என்று அக்காலத்தில் பலர் கூறிவந்தனர். கணிதத்தைக் கற்பிக்காமலே, அது வராது என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு எளிது!

1951இல், பதினெட்டு வயதில், அவர் தபாற் பகுதியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். இலண்டனில் டொலிஸ் ஹில் என்னுமிடத்தில் இருந்த அந்நிலையம் புகழ்பெற்றது. போர்க்காலத்தில் பகைவரின் இரகசியச் செய்திகளை விடுவிக்க உதவிய கொலோசஸ் என்னும் பெரும் மின்பொறியை டொமி பிளவர்ஸ் என்ற பொறியியலாளர் அங்கேதான் உருவாக்கினார். பகலிலே வேலை, மாலையிலே வகுப்பு என்று ஆறு ஆண்டுகள் உழைத்து அவர் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கத்தின் பரிசுச் சேமிப்புப் பத்திரங்களுக்கு வெற்றி எண்களைத் தெரிவதற்காக அமைக்கப்பட்டு, 1957இல் முதற் சீட்டிழுப்பை நடத்திய ஏர்னி என்னும் பொறி தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால், அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு சம்பளத் திட்டங்கள் இருந்தமை அவர் மனத்தைப் புண்படுத்தியது. அமைதியாக இருந்தவரை அனைவருக்கும் வேண்டியவராக இருந்த அவர், பதவி உயர்வை நாடியதும் பலருக்கு வேண்டாதவரானார்.

1959இல் டெரக் ஷேர்லி என்னும் பௌதிகவியலாளரை மணந்த பின்னர், அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் ஓர் எல்லைக் கோடு கீறப்பட்டிருந்தது. ஒரு கூட்டத்தில் விலையும் விற்பனையும் பற்றி அவர் கருத்துக் கூறியபோது, அது அவருடைய துறைக்கு அப்பாற்பட்டது என்று தடுத்துவிட்டனர். திறமைசாலியான பெண் எந்த அளவுக்கு ஏறலாம், எந்தப் படியிலே நிற்கவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அந்தப் படியில் நிற்க அவர் விரும்பவில்லை.

1962ஆம் ஆண்டில், ஆறு பவுண் முதலோடு அவர் தமது கம்பனியைத் தொடங்கினார். காரியாலயம் அவருடைய வீடு. தளபாடம் உணவு மேசை. மூலதனத்தினும் முக்கியமான கருவி தொலைபேசி. அவர் விற்க முனைந்த சரக்கோ அக்காலத்தார் சரக்கென்றே கருதாத ஒன்று. கணிப்பொறி எவ்வாறு இயங்கவேண்டும் என்று படிப்படியாக எழுதித்தரும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்பர். கணிப்பொறியை வாங்குவோருக்கு அதனை உற்பத்தி செய்தவர்கள் செய்நிரலை இலவசமாகவே வழங்கிவந்தனர். இலவசமாகக் கிடைப்பதை யார் விலை கொடுத்து வாங்குவார், அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து வாங்குவார் என்று பலர் நகைத்தனர்.

அந்நகைப்புக்கு ஆதாரமும் இருப்பதாகவே முதலிலே தோன்றியது. தம் சேவையை விளக்கி அவர் பல நிறுவனங்களுக்குக் கடிதங்கள் எழுதினார், மறுமொழி வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார். ஸ்டெபனி என்று கையொப்பமிடாமல், வீட்டார் அழைக்கும் செல்லப் பெயரான ஸ்டீவ் என்று கையொப்பமிடும்படி கூறினார். ஸ்டீவ் என்பது ஆண்களுக்கு வழங்கும் பெயர். அதன்பின் மறுமொழிகள் வரத் தொடங்கின, சந்திப்புகளும் கிடைத்தன. அறைக்குள்ளே நுழைந்த பின்னரே வந்தவர் ஒரு பெண் என்பதை எதிரிலிருந்தவர் அறிவர். கடிதத்தின் பொருளில் மாற்றமில்லை. கூறிய விலையிலும் மாற்றமில்லை. மாறியது கையொப்பம் ஒன்றே. ஆட்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் உடையோர் தம் மனத்தில் என்ன இருக்கிறதென்பதைத் தாமே அறியாதிருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, அவர் யாரை வேலைக்கு அமர்த்தினார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. கணிப்பொறித் துறையில் நன்கு பயிற்சி பெற்று, திருமணத்தின் போதோ முதற் குழந்தை பிறந்த போதோ வேலையை விட்டு வீட்டில் இருந்த பெண்கள் நாடெங்கும் இருந்தனர். அவர்களுக்குப் பயிற்சியளிக்க நிறுவனங்கள் ஏராளமாகச் செலவு செய்திருந்தன. அப்பயிற்சி சமையலறையிலே வீணாகிக்கொண்டிருந்தது. அதே வேளையில், செய்நிரல் எழுத ஆள் போதாதென்று அதே நிறுவனங்கள் முறையிட்டுக்கொண்டிருந்தன. ஒரு புறம் தட்டுப்பாடு. மறு புறம் கவனிப்பாரற்ற செல்வம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தவர் ஷேர்லி அம்மையார். பெண்களுக்கு இரக்கம் காட்டவேண்டும் என்று அவர் கூறவில்லை. எவரும் எடுத்துப் பயன்படுத்தாத திறமை ஒன்று இருக்கின்றது, அதனைப் பயன்படுத்தும் வகையில் வேலையை மாற்றி அமைக்கலாம் என்றே அவர் கண்டார்.

அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அக்காலத்துச் செய்நிரலாளர் வேலை செய்வதற்குக் கணிப்பொறியின் அருகில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. தாளும் பென்சிலும் போதும். ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் போக்கு வரைபடம் வரைந்து, பின்னர் அதனைக் கணிப்பொறியின் குறியீட்டு மொழியில் தாளிலே எழுதுவர். அத்தாள்கள் தபால் மூலம் கணிப்பொறி நிலையத்தை அடையும். அங்கே துளையிட்ட அட்டைகளாகவோ நாடாவாகவோ அவை மாற்றப்பட்டு, பிழையிருக்கின்றதா என்று சரிபார்க்கப்பட்டபின் பொறியில் இடப்படும். எழுதுபவர் எங்கிருந்து எழுதினார், காலையில் எழுதினாரா, குழந்தை உறங்கியபின் இரவில் எழுதினாரா என்பது பொறிக்குத் தெரியாது. இதனை அனைவரும் அறிந்திருந்தனர். எனினும், ஆகவே செய்நிரலாளர் காரியாலயத்துக்கு வரவேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தவர் அரியர்.

வேலை தேடி வந்த பெண்களிடம் அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று, வீட்டிலே தொலைபேசி உண்டா என்பது. வேலை நேரம் இத்தனை என்று அவர் வகுக்கவில்லை. செய்து முடிக்கவேண்டிய பணி இது, முடிக்கவேண்டிய நாள் இது என்றே வகுத்தார். வாடிக்கையாளரிடமும் மணிக்கணக்குப் பாராது, முழு வேலைக்கும் இவ்வளவு என்று விலை பேசினார். வாங்குபவருக்கு வேண்டியது முடிந்த வேலை. அதனை முடித்தவர் எந்த நாற்காலியில் இருந்தார் என்பது அவருக்கு வேண்டாத செய்தி. இவ்வொழுங்கு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. கண்முன்னே நிற்காத பணியாளரை நம்புவதற்கு முகாமையாளருக்குப் பழக்கம் வேண்டும். அந்நம்பிக்கையைப் பாதுகாக்கத் தரக்கட்டுப்பாடும் வேண்டும். அவர் இரண்டையும் வளர்த்தார்.

இக்காலத்தைப் பற்றி நகைச்சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. தொலைபேசியில் வாடிக்கையாளர் அழைக்கும்போது பின்னால் குழந்தை அழுகின்ற ஒலி கேட்டால் கம்பனியின் மதிப்புக் குறைந்துவிடும் அல்லவா? அதனால் தட்டெழுத்துப் பொறிகள் ஓயாது இயங்கும் ஒலியை நாடாவிலே பதிவு செய்து வைத்துக்கொண்டு, அழைப்பு வரும்போது அதனை இயக்கிவிடுவாராம். கேட்பவர் பெரியதொரு காரியாலயம் சுறுசுறுப்பாக நடக்கிறதென்று எண்ணிக்கொள்வார். இது சிரிப்புக்குரியது, சிந்தனைக்கும் உரியது. வேலையின் தரத்தினாலன்றி, வேலை நடக்குமிடத்தின் ஓசையினால் ஒரு நிறுவனத்தை மதிப்பிடும் உலகத்திலே அவர் தொழில் நடத்தவேண்டியிருந்தது.

வேலையின் தரம் எத்தகையது? ஒலியினும் விரைந்து பறக்கும் கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவி தொடர்பான செய்நிரல்களை எழுதிய குழு இக்கம்பனியைச் சேர்ந்தது. அக்குழுவை நடத்திய ஆன் மொபற் என்னும் பெண்மணி தம் வீட்டிலே, அருகில் குழந்தையை வைத்துக்கொண்டு, மேசையிலே தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருக்கும் 1960களின் புகைப்படம் ஒன்று பிற்காலத்தில் மிகப் புகழ்பெற்றது. விமானத்தின் பாதுகாப்போடு தொடர்புடைய கணக்குகள் சமையலறை மேசைகளிலே எழுதப்பட்டன என்பதை அறிந்தால் அக்காலத்து அதிகாரிகள் பலர் திகைத்திருப்பர். ஆனால், கணக்குகள் சரியாகவே இருந்தன.

கம்பனியின் முதல் 300 பணியாளர்களுள் ஆண்கள் மூவரே. மற்றையோர் அனைவரும் பெண்கள். வீட்டுப் பொறுப்புடைய பெண்களுக்கு வேலை அளிப்பதே கம்பனியின் வெளிப்படையான கொள்கையாக இருந்தது.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையோடு கருதவேண்டும். பெண் வீட்டிலிருந்தே வேலை செய்தாள் என்றால், வீட்டு வேலை யாருடையது என்ற கேள்வி தீர்க்கப்படவில்லை. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துவிட்டு இரவிலே செய்நிரல் எழுதியவள் இரண்டு வேலைகளைச் செய்தாள். அவளுடைய கணவன் ஒன்றையே செய்தான். வேலையைப் பெண்ணின் வாழ்க்கைக்கு ஏற்ப வளைத்த அம்மையார், வாழ்க்கையின் பங்கீட்டை மாற்றிவிடவில்லை. ஒரு கம்பனியின் தலைவரால் அதனை மாற்றுவதும் அரிது. ஆயினும், 1960களில் அப்பெண்களுக்கு முன்னிருந்த தெரிவு யாது? காரியாலயத்தில் நாள் முழுவதும் வேலை, அல்லது வேலையே இல்லை என்னும் இரண்டே. மூன்றாவது வழியொன்றை அவர் திறந்தார். திறந்த வழி முழுமையானதன்று. எனினும் அது திறந்திருந்தது.

இதே காலத்தில் வேறொரு முனையிலிருந்தும் மாற்றம் வந்துகொண்டிருந்தது. 1968ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டகனம் நகரிலுள்ள ஃபோர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய தையல் வேலை திறமை குறைந்த வேலையென்று தரம் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்று வாரங்களில் கார் உற்பத்தியே தடைப்பட்டது. தொழில் அமைச்சராயிருந்த பார்பரா காசில் அம்மையார் தலையிட்டதன் பயனாக, அத்தரத்து ஆண்களின் சம்பளத்தில் நூற்றுக்கு 92 பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. அதைத் தொடர்ந்து 1970இல் சம வேதனச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், தையல் வேலையும் திறமையுள்ள வேலையே என்று உயர்தரத்தில் அது வகுக்கப்படுவதற்கு 1984 வரையும், இன்னொரு வேலைநிறுத்தம் வரையும் அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓர் ஒப்பு நோக்கு இங்கே பயன் தரும். சட்டம் சம்பளத்தை அளக்கும். எந்த வேலை திறமையுள்ளது என்று தரம் பிரிக்கும் கோல் நிர்வாகத்தின் கையிலே இருக்கும். அக்கோலை நேராகப் பிடிப்பதற்கு நிர்வாகத்தார் தாமே முன்வந்திருந்தால், பதினாறு ஆண்டுகள் வீணாகியிரா.

1975ஆம் ஆண்டில் ஆண் பெண் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் அதுவும், சம வேதனச் சட்டமும் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. பெண்களின் உரிமைக்காக வந்த அச்சட்டம், பெண்களுக்கு வாழ்வளித்த ஷேர்லி அம்மையாரின் கம்பனியையும் தொட்டது. பெண்களையே வேலைக்கு அமர்த்துவது என்னும் கொள்கை அன்று முதல் சட்டத்துக்கு முரணாயிற்று. ஆண்களுக்கும் கதவைத் திறக்கவேண்டியதாயிற்று.

விதியின் விளையாட்டு என்று இதனைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால், அம்மையார் அமைத்த ஒழுங்கின் உண்மையான வலிமை அப்போதுதான் வெளிப்பட்டது. பெண்கள் மட்டும் என்ற விதி நீங்கியது. வீட்டிலிருந்து வேலை, நேரத்தில் நெகிழ்வு, முடிந்த பணியைக் கொண்டு மதிப்பீடு என்னும் ஒழுங்கு நீங்கவில்லை. அவ்வொழுங்கு பெண்ணுக்கென்று தனியே வேலி கட்டியதன்று. பொறுப்புகள் உடைய எவருக்கும் பொருந்துவது. ஆணும் அதிலே சேரலாம் என்றான பின், குழந்தையைக் கவனித்துக்கொண்டு வேலை செய்தல் பெண்ணுக்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்ற நிலையும் மாறுதற்கு இடமுண்டாயிற்று. முன்னர்க் கூறிய மறுப்புக்கு ஒரு பாதி விடையைச் சட்டமே, அம்மையார் வேண்டாமலே, கொண்டுவந்து கொடுத்தது எனலாம்.

பிறருடைய வீட்டுச் சுமையை அவர் அறிந்தது ஏட்டிலிருந்து அன்று. 1963இல் அவருக்கு ஜைல்ஸ் என்ற மகன் பிறந்தான். அழகும் அமைதியும் உடைய அக்குழந்தை இரண்டரை வயதளவில் பேசிய சொற்களையும் இழந்தது. மிகக் கடுமையான ஆட்டிசம் என்று வைத்தியர் கண்டனர். பல ஆண்டுகள் பெற்றோர் இருவரும் இரவும் பகலும் அவனைப் பராமரித்தனர். ஒரு கட்டத்தில் அம்மையாரே மனமும் உடலும் சோர்ந்து மருத்துவமனையில் தங்கவேண்டியவரானார். ஜைல்ஸ் 1998இல், 35ஆம் வயதில் இறந்தான். கம்பனியின் தலைவர் என்றால் வீட்டுக் கவலை அற்றவர் என்னும் எண்ணத்துக்கு இவ்வாழ்க்கை நேர்மாறானது. தலைவரே ஒரு நோயாளிக் குழந்தையின் தாயாக இருந்த கம்பனியில், குழந்தைக்குச் சுகமில்லை என்று சொல்வதற்குப் பணியாளர் எவரும் அஞ்சவேண்டியிருக்கவில்லை என்று நாம் ஊகிக்கலாம்.

சம்பளத்தில் சமத்துவம் ஒன்று. உடைமையில் பங்கு இன்னொன்று. முன்னதோடு நின்றுவிடும் முதலாளிகள் பலர். ஷேர்லி அம்மையார் பின்னதையும் நாடினார். தமக்கிருந்த பங்குகளைப் படிப்படியாகப் பணியாளருக்கு மாற்றினார். 1991இல் கம்பனியின் கட்டுப்பாடே பணியாளர் கைக்கு வந்தது. 1996இல் அது இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதன் பயனாகப் பணியாளருள் 70 பேர் பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட செல்வத்துக்கு உரியவராயினர். தம்மைத் தவிர வேறெவருக்கும் இழப்பில்லாமல் இது நிகழ்ந்ததென்று அம்மையார் பெருமிதத்தோடு கூறுவார். சமையலறை மேசையிலே தாளும் பென்சிலுமாகத் தொடங்கியவர்கள் கம்பனியின் உடைமையாளராக முடிந்தனர்.

அதிகாரத்தைக் கைமாற்றுவதிலும் அவர் தயங்கவில்லை. 1987இல் ஹிலரி குரொப்பர் என்னும் பெண்மணி பிரதம நிர்வாகியானார். தொடங்கியவர் ஒரு பெண் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். அவருக்குப்பின் தலைமை தாங்கத் தகுதியுள்ள இன்னொரு பெண் ஆயத்தமாக இருந்தார் என்பது தற்செயலாக நிகழ்வதன்று. 1993இல், அறுபதாம் வயதில், ஷேர்லி அம்மையார் ஓய்வு பெற்றார். கம்பனி பிற்காலத்தில் சான்சா என்ற பெயர் பூண்டு, இந்தியாவிலும் நொய்டா, புனே, சென்னை ஆகிய நகரங்களிலே கிளைகளைக் கொண்டிருந்தது. 2007இல் ஸ்டெரியா என்னும் பிரெஞ்சு நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

இவ்வரலாற்றிலிருந்து வணிகத் தலைவர்கள் அறியத்தக்கவை சில உள. முதலாவது, வாயிலில் நிற்பவர் யாரென்று பார்ப்பதோடு, வாயிலுக்கு வராமலே போனவர் யாரென்றும் பார்க்கவேண்டும். தகுதியுள்ள பெண்கள் விண்ணப்பிப்பதில்லை என்று கூறும் தலைவர், அவர்கள் விண்ணப்பிக்க இயலாதபடி தடுப்பது யாது என்று ஆராய்வாராயின், விடை பெரும்பாலும் தம் நிறுவனத்தின் நேர அட்டவணையிலேயே இருக்கக் காண்பார். இரண்டாவது, வேலையின் இயல்பு எது, வேலையைச் சுற்றி வளர்ந்த பழக்கம் எது என்று பிரித்தறிய வேண்டும். செய்நிரல் எழுதுவது வேலை. ஒன்பது மணிக்கு வந்து நாற்காலியில் அமர்வது பழக்கம். பழக்கத்தை விதியென்று எண்ணியவர்கள் திறமையை இழந்தனர். மூன்றாவது, தெரிவு செய்பவரின் மனச்சாய்வு அவருக்கே தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு இடங்கொடாத முறைகளை வகுக்கவேண்டும். ஸ்டீவ் என்ற கையொப்பம் கற்பித்த பாடம் அதுவே. நான்காவது, சம்பளம், பதவி, உடைமை ஆகிய மூன்றும் ஒருங்கே பகிரப்படாதவிடத்துச் சமத்துவம் பாதி வழியில் நின்றுவிடும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தல் வேண்டும். நல்ல முதலாளி ஒருவர் இருப்பது சட்டத்துக்கு ஈடாகாது. ஷேர்லி அம்மையாரின் கம்பனியில் சேர்ந்த பெண்கள் பேறு பெற்றவர்கள். அதே 1962இல் வேறு ஆயிரம் கம்பனிகளில் கதவு அடைத்திருந்த பெண்களுக்கு, 1975இன் சட்டமும் அதற்கு வழிவகுத்த போராட்டங்களுமே துணை நின்றன. சட்டம் தளத்தை இடுகின்றது. தளத்தின் மேல் எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்பது தலைவரின் மனத்தைப் பொறுத்தது.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினர். இது புதிய உலகம் என்று பலர் வியந்தனர். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே தாளையும் பென்சிலையும் தபாலையும் கொண்டு அதனைச் செய்து காட்டிய பெண்களைச் சிலரே நினைவுகூர்ந்தனர். அவர்கள் காலத்தில் தடையாக இருந்தது கருவியின் குறையன்று. முகாமையாளரின் நம்பிக்கைக் குறையே.

ஸ்டெபனி ஷேர்லி அம்மையாருக்கு 2000ஆம் ஆண்டில் டேம் என்னும் பட்டமும், 2017இல் மேலும் உயர்ந்த விருதும் வழங்கப்பட்டன. ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை ஆட்டிசம் உடையோரின் நலனுக்கும் கல்விக்குமாக அவர் வழங்கிவிட்டார். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆம் நாள், தமது 91ஆம் வயதில் அவர் மறைந்தார். அகதியாக வந்த ஒரு சிறுமிக்கு ஒரு நாடு இடங்கொடுத்தது. அச்சிறுமி வளர்ந்து, அந்நாடு இடங்கொடாது வைத்திருந்த பெண்களுக்கு இடத்தை உண்டாக்கினார். அதற்கு வேண்டியிருந்த முதல் ஆறு பவுண். வேலையைப் புதிதாக வகுக்கும் துணிவு எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. அதனை ஒவ்வொரு தலைவரும் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.